என் தொண்டையும் தாசில்தார் ஜீப்பும்

இப்போதும் கல்யாண வீட்டில் யாராவது மைக்கை நீட்டினால் கைகழுவப் போய்விடுவேன். அப்படிப்பட்டவன் ஒரு ராக் குழுவின் பாடகன் என்றால் என் பிள்ளைகளே நம்புவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. மூன்று பேர். புதியம்புத்தூரில் சட்டை தைத்தவன் பேஸ் கிதார். ஃபங்க் தாளம் அவன் விரலில் தையல் மெஷின் ஓடுகிற மாதிரியே துள்ளும். கோவில்பட்டியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவன் டிரம்ஸ்; மெட்டல் இடி அவன் பொறுப்பு. ஆடு மேய்க்கிற குடும்பத்துப் பிள்ளை நான், பாட்டு என்ற பேரில் உறுமுவேன். பாட்டெல்லாம் ஊர்ப் பிரச்சினை.

அந்த வருடம் பிரச்சினை வேலி. கண்மாய்க்குப் போகும் பொதுப்பாதையை யாரோ முள்கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள். தண்ணீருக்குச் சுற்றிப் போன வழியில் அப்பாவின் குட்டிகள் சுருண்டு விழுந்தன. கொடுத்த மனுக்களுக்குப் பதில் இல்லை. தாசில்தார் அந்தப் பக்கம் வரும் நாளில் டிராக்டர் டிரெய்லரில் நின்று பாடி, அவரை நிறுத்திவிடுவது என்று முடிவு.

மத்தியானக் கானல் கரிசல்மேல் தண்ணீர்போல ஆடியது. ஜீப் அதில் மிதந்து வந்தது. டிரம்ஸ் இடித்தது. என் தலைக்குள் ஒரு சொல்கூட இல்லை.

"ஏலே, பாடுல! அவிய போயிரப் போறாவ!" என்றான் பேஸ்காரன்.

"எல்லாம் மறந்து போச்சுலே."

"வாயத் தொற, என்னமாது வரும்."

வந்தது, அப்பா ஆடுகளைத் திரட்டத் தொண்டைக்குள் உருட்டும் அந்தச் சத்தம். நான்கு ஒலிபெருக்கிக் குழாய்களிலும் காடெங்கும் உருண்டது.

தூரத்தில் புழுதி எழுந்தது. பிறகு மேகம் தரையிறங்கி நடந்து வருவதுபோல் ஆடுகள், அப்பாவின் கிடை, அடுத்த ஊர்க் கிடை, எல்லாம். அவசரமே இல்லாமல் வந்து ஜீப்பைச் சுற்றி நிறைந்தன. ஹாரனுக்கு ஒன்றும் அசையவில்லை. பேஸ் துள்ளிக்கொண்டே இருந்தது. சில ஆடுகள் தலையாட்டியதாக இன்றும் சத்தியம் செய்வேன்.

அப்பா மூச்சிரைக்க ஓடிவந்தார். "எவம்ல எம் ஆட்டக் கூப்பிட்டது?" நான் மைக் கம்பிக்குப் பின்னால் ஒளிந்தேன். அப்போது நான் இருந்த ஒல்லிக்கு அது முடியும்.

தாசில்தார் தலையை நீட்டினார். "அண்ணாச்சி, கொஞ்சம் வழிய விடச் சொல்லுங்க."

"அதத்தான் ஐயா நாங்களும் கேக்கோம்" என்றார் அப்பா.

தாசில்தார் இறங்கி, ஆடுகளுக்குள் நீந்தி, வேலிவரை நடந்தார். மறுவாரம் கம்பியைச் சுருட்டினார்கள்.

திறந்த பாதையில் ஆடுகளைப் பத்திக்கொண்டு போக அப்பா சத்தம் கொடுத்தார். ஒன்றும் நகரவில்லை. எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தன.

"கூப்பிடுல" என்றார்.

அத்தனை கண்கள். நான் கைகழுவக் கண்மாய்க்குக் கிளம்பினேன்.