கனடா ஃபைலும் வெள்ளிக்கிழமை ஜெபமும்

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபத்துக்குக் கூடுவோம். முறை வைத்து ஒவ்வொரு வாரமும் ஒருவர் வீடு. பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம், கடைசியில் டீயும் சமோசாவும். நடத்துவது பக்கத்துத் தெரு அக்கா. ரயில்வேயில் ரிடையர் ஆனவர், திருநெல்வேலிப் பக்கம். கண்ணை மூடினால் போதும், ஒருத்தர் கஷ்டத்தையும் விடமாட்டார். முழங்கால் வலி, பிளஸ் டூ பரீட்சை, சிறுசேரிக்கு வேலைக்குப் போகும் மகனுக்கு வரன் என்று எல்லாம் வரிசையாக வரும். தாள் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டார், அத்தனையும் மனப்பாடம்.

அந்த வரிசையில் என் தம்பி மகளின் கனடா ஃபைலும் சேர்ந்துகொண்டது.

தம்பி மனைவி பிரசவத்தோடு போய்விட்டாள். மருத்துவமனையிலிருந்து குழந்தை நேராக என் வீட்டுக்குத்தான் வந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தம்பியும் எங்களோடுதான் இருந்தான். அவளுக்கு மூன்று வயதாகும்போது அவனும் சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்தான். அடக்கத்துக்கு வந்த சொந்தங்கள் கிளம்புவதற்குள் விஷயம் முடிவாகிவிட்டது. கனடாவில் இருக்கும் என் தங்கைக்குக் குழந்தை இல்லை. அவளும் அவள் கணவரும் தத்தெடுத்துக்கொள்வார்கள். "இவ தனி ஆளு, பாவம், எத்தனை நாளைக்குப் பார்ப்பா" என்றார் சித்தப்பா. எல்லோரும் தலையாட்டினார்கள். பாவம் என்று சொன்னவர்களில் ஒருத்தர்கூட நான் இருந்த பக்கம் திரும்பவில்லை. எனக்கு ரோஷம் ஜாஸ்தி. கேட்காத இடத்தில் வாய் திறக்கமாட்டேன். எல்லோருக்கும் காபி போட எழுந்து போனேன்.

சொந்த அத்தைதானே எடுத்துக்கொள்கிறாள், கோர்ட்டில் ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அத்தை கனடாவில் இருந்தால் அது நாடு விட்டு நாடு கொடுக்கும் தத்து. அங்கே அவர்கள் வீட்டை ஆள் வந்து பார்க்க வேண்டும். இங்கே எங்கள் வீட்டை வந்து பார்க்க வேண்டும். அப்புறம் செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸ், டெல்லி, பாஸ்போர்ட், விசா. தங்கை அங்கிருந்து என்ன செய்ய முடியும்? இந்தப் பக்கத்து வேலை அத்தனையும் என் தலையில் விழுந்தது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு காகிதம்கூட என்னால் தாமதமாகவில்லை. தம்பியின் இறப்புச் சான்றிதழ், அவன் மனைவியின் இறப்புச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் நகல், நகலுக்கு நோட்டரி கையெழுத்து. கேட்ட மறுநாளே கொண்டுபோய் நின்றேன். பரீட்சைப் பேப்பரை நாள் தவறாமல் திருத்திக் கொடுத்த கை வேறு எப்படி இருக்கும்? அவளை அனுப்பிவைக்கிற வேலையை என்னைவிட ஒழுங்காக யாரும் செய்திருக்க முடியாது.

செங்கல்பட்டுக்குப் போகும் நாட்கள்தான் எனக்கும் குழந்தைக்கும் திருவிழா. காலையில் தாம்பரம் ஸ்டேஷனில் ஊரே பீச் பக்கம் போகிற வண்டிக்கு முண்டியடிக்கும். நாங்கள் எதிர்ப்பக்கம் காலியாக வரும் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டு போவோம். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியதும் ஏரி தெரிகிறதா என்று கழுத்தை நீட்டுவாள். அநேகமாக ஆபீசில் ஆள் இருக்கமாட்டார், அல்லது ஃபைல் வேறு மேஜைக்குப் போயிருக்கும். அடுத்த வாரம் வரச் சொல்வார்கள். மற்றவர்கள் அதைக் கேட்டுச் சலித்துக்கொள்வார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கும். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து விடும் ஆட்டோக்காரர் ஒருமுறை கேட்டார்: "இன்னா டீச்சர், இன்னும் அலைய வுட்டுகினேதான் கீறானுங்களா? ஒரே பேஜாராப் போச்சே உங்களுக்கு!" ஆமாம் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தால்தான் சங்கடம். அக்கா என் குழந்தையின் தலையில் கையை வைத்துக்கொண்டு ஆண்டவருக்கு ஆபீஸ் ஆபீஸாக வழி சொல்வார். "ஆண்டவரே, செங்கல்பட்டுல அடியில கிடக்கிற அந்த ஃபைலை மேல எடுத்து வையும். கையெழுத்துப் போடுற மகனுக்கு நல்ல மனசைத் தாரும். தடைகளை எல்லாம் தகர்த்துப் போடும்." எல்லோரும் உருக்கமாக ஆமென் சொல்வார்கள். நான் உதட்டை மட்டும் அசைப்பேன். என் மனசுக்குள் வேறு ஜெபம் ஓடிக்கொண்டிருக்கும். அடியிலேயே கிடக்கட்டும் ஆண்டவரே, அங்கேயே பத்திரமாகக் கிடக்கட்டும். அத்தனை பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, அதற்கு எதிராக ஒற்றை ஆளாய் வேண்டிக்கொண்டிருப்பது என்ன தனிமை என்று சொல்லித் தெரியாது.

வீட்டைப் பார்க்க வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். மேடவாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்திருந்தார். குழந்தை படுக்கும் கட்டில், தண்ணீர், கழிவறை எல்லாம் பார்த்து எழுதிக்கொண்டார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"நீங்களே ஏன் மேடம் எடுத்துக்கல? சொந்தக்காரங்க எடுக்கிறதா இருந்தா வயசுகூட அவ்வளவு பிரச்சினை இல்லையே. கல்யாணம் ஆகாதவங்களும் எடுக்கலாம்."

அந்தக் கேள்வியை என் சொந்தத்தில் யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம். தங்கைக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்று என்னவோ சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். கதவைச் சாத்திய பிறகு வந்த அழுகை எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தங்கை ஒவ்வொரு நாளும் வீடியோவில் அந்தக் குழந்தைக்காக ஏங்கிக்கொண்டிருந்தாள், குழந்தையின் அறைக்குப் பெயின்ட் அடித்துக் காட்டினாள். இனிமேல் போய் எதைச் சொல்ல?

ஃபைல் கிடந்து கிடந்து அவளுக்கு ஐந்து வயதாகிவிட்டது. ஐந்து வயதானால் குழந்தையின் சம்மதத்தையும் கேட்க வேண்டுமாம். மறுபடியும் செங்கல்பட்டு. எனக்கு ஒரு குருட்டு நம்பிக்கை வந்தது. மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? அப்படிச் சொல்லிக்கொடுக்க மட்டும் எனக்கு மனம் வரவில்லை. அதற்கு மாறாக, அத்தனை மாதமும் கனடாவைப் பற்றி நல்லதாகவே சொல்லி வைத்திருந்தேன்.

அங்கிருந்த ஆபீசர் அம்மா என்னை எதிர் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"கனடா போறியா கண்ணு? அங்க யார் இருக்கா?"

"சின்ன அத்தை. இனிமே அவங்கதான் அம்மா. மாமாதான் அப்பா."

"அப்ப இவங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். இதிலென்ன சந்தேகம் என்கிற முகம்.

"பெரிய அத்தை. அவங்க அத்தைதான்."

"போறதுக்கு இஷ்டமா?"

"ம். ஸ்னோ இருக்கும்."

நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றைக்கூட அவள் மறக்கவில்லை. ஆபீசர் அம்மா சிரித்துக்கொண்டே எழுதினார். திரும்பி வரும் வண்டியில் அவள் என் மடியில் தூங்கிவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. ஐந்து வயதுக் குழந்தைமேல் கோபம். கூடுவாஞ்சேரி வருவதற்குள் அதுவும் போய், வெறுமைதான் மிச்சம்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று வந்தது. டெல்லி, பாஸ்போர்ட், விசா. தங்கையே வந்து அழைத்துப் போனாள். மீனம்பாக்கத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போன பிறகும் அவள் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள் என்று தங்கை பிறகு போனில் சொன்னாள். எனக்குத் தெரியவில்லை, நடுவில் பெட்டி அடுக்கிய ஒரு டிராலி நின்றிருந்தது. தெருப் பெண்கள் ஜெபம் கேட்கப்பட்டது என்று கேசரி செய்துகொண்டு வந்தார்கள். நானும் ஒரு கரண்டி சாப்பிட்டேன்.

அப்புறம் சில மாதங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்தால் காலையில் வைத்தது வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். யாரும் எதையும் இழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். ஏர்ஃபோர்ஸ் பயிற்சி விமானம் கூரைக்கு மேல் சுற்றும், ஓடிப்போய்ப் பார்க்க ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள். "ஹாய் அத்தை" என்பாள். பிறகு தங்கையைப் பார்த்து "அம்மா, போகட்டா?" என்பாள். சரியாகத்தான் கூப்பிடுகிறாள்.

போன மாதம் கூட்டம் என் வீட்டு முறை. அக்கா கண்ணை மூடி வழக்கம்போல ஆரம்பித்தார். முழங்கால் வலி வந்தது, வரன் வந்தது. அப்புறம் அதே மூச்சில், "ஆண்டவரே, டீச்சர் வீட்டுப் பாப்பாவோட பேப்பர் சீக்கிரம் வரணும்..." என்றார்.

யாரோ அவர் சேலையை இழுத்தார்கள். "அக்கா, பாப்பாதான் போயாச்சே."

அக்கா பதறிப்போய்க் கண்ணைத் திறந்தார். "ஐயோ டீச்சர், மன்னிச்சுக்கோங்க. ரெண்டு வருஷமாச் சொல்லிச் சொல்லி வாய்ப் பழக்கமாப் போச்சு."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பரவாயில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நிறுத்தாதீங்கக்கா," என்றேன். "பேப்பர் இன்னும் வரலைன்னே சொல்லி ஜெபம் பண்ணுங்க."

சின்ன வயதுப் பெண் ஒருத்தி சிரிப்பதா என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். அக்கா மட்டும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் நகர்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, பாப்பாவோட பேப்பர் இன்னும் வரல..."

அவர் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. செங்கல்பட்டு, டெல்லி, பாஸ்போர்ட் ஆபீஸ் என்று ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். அவர் முடிக்கும்வரை பேப்பர் வரவில்லை. பேப்பர் வராதவரை அவள் என் வீட்டில்தான் இருந்தாள்.