நரிக்கு ஒரு மெதுவான குண்டு

கிரான்பர்ன் என்ற ஊரைத் தாண்டி ஓர் ஆட்டுப் பண்ணையில் நிற்கிறேன். அதைப் பார்த்துக்கொள்ளும் கிளிநொச்சிக்காரர் கொட்டகை வாசலில் ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றுகிறார். குட்டிகளைத் தூக்கும் நரியைச் சுடுவதற்கான குண்டுகள். சுருக்கம் விழுந்த ஒன்றைத் திரும்பச் சட்டியிலேயே போடுகிறார்.

“கடையில கிடைக்காதா?” என்று கேட்கிறேன்.

“கிடைக்கும். அது வேகமாப் போறதால படீரெண்டு சத்தம் வரும். என்ர மனுசி சண்டைக்குள்ள இருந்து வந்தவ, கட்டிலுக்குக் கீழ போயிடுவா. பாரமான குண்டெண்டா மெதுவாப் போகும், சத்தமும் குறையும்.”

“அப்பவும் கேட்குமே?”

“ஓம். அதுதான் ஒவ்வொரு வெடிக்கு முதலும் வீட்டுக்குள்ள போய் அவவிட்ட சொல்லிப்போட்டு வந்து சுடுறனான்.”

“அதுக்குள்ள நரி ஓடிடாதா?”

“ஓடும்,” என்றபடி அச்சைத் திறக்கிறார். “நாளைக்கும் வரும்தானே. நானும் நிப்பன்.”