பழைய போனும் அண்ணன் காலும்

செகண்ட் ஹேண்ட் போன் ஒன்று வாங்குவதற்கு என் கடையில் மூன்று நாள் எடுத்துக்கொண்டவர் இதுவரை ஒரே ஒருவர்தான். கடை வைத்துப் பதினாறு வருடமாகிறது. வருகிறவர்கள் போனைத் திருப்பிப் பார்ப்பார்கள், தங்களையே ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள், விலையைக் கேட்டு முகத்தைச் சுளிப்பார்கள், அப்புறம் வாங்கிக்கொண்டு போவார்கள். இந்த அக்கா வந்ததும் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் விரித்தார். அதன்மேல் தன் இடது கையை வைத்தார். "கேமரா ஒழுங்கா இருக்கற போன் எல்லாத்தையும் எடுங்க தம்பி" என்றார்.

ஏழு போன்களை எடுத்து வைத்தேன். ஏழிலும் அதே கையைப் படம் எடுத்தார். மணிக்கட்டுக்கு மேலே ஒரு பழைய சூட்டுத் தழும்பு இருந்தது. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, கையைப் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். நான் சும்மா இருக்காமல் புதிதாக வந்திருந்த ஒன்றை முன்னால் தள்ளினேன். "இதுல படம் அள்ளிக்கிட்டுப் போகும்க்கா."

அதிலும் எடுத்தார். படத்தை என் பக்கம் திருப்பினார்.

"இது யாரோட கை?"

"உங்க கைதான்."

"என் கை இவ்வளவு வெளுப்பு இல்லையே. தழும்பு எங்க போச்சு?"

"அதைக் கேமராவே சரி பண்ணிடும்க்கா. எல்லாரும் அதைத்தான் கேட்டு வாங்கறாங்க."

"சரி பண்ற அளவுக்கு என் கை என்ன தப்பு பண்ணுச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. காலையில் முதல் வியாபாரம், அதிலேயே வம்பா என்று நினைத்துக்கொண்டு, கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்த ஒரு போனை எடுத்துப் போட்டேன். ஐந்து வருடப் பழசு. முதுகெல்லாம் கீறல், ஒரு மூலை நசுங்கியிருந்தது, கம்பெனியே அந்த மாடலை மறந்துவிட்டது. அதில் எடுத்த படத்தை அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். கறுத்த கை கறுப்பாகவே இருந்தது. தழும்பு தழும்பாக இருந்தது. "இன்னொரு தடவை" என்று சொல்லி மறுபடியும் எடுத்தார். அன்றைக்கு இருபது 'இன்னொரு தடவை'யாவது கேட்டிருப்பேன். மனசுக்குள் அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டேன்.

வாங்கவில்லை. மறுநாள் வந்தார். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு திரையைத் தேய்த்துப் பார்த்தார். ஒற்றைக் கையால் பிடித்து, பக்கத்துப் பட்டனை அமுக்கிப் படம் எடுக்க வருகிறதா என்று பார்த்தார். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அதை நாலு தடவை துடைத்தார். பின்னாலிருக்கும் சரக்கு அறைக்குள் போய் விளக்கை அணைத்துவிட்டு எடுத்தார், தெருவில் வெயிலில் நின்று எடுத்தார். மூன்றாம் நாள் காலை முழு சார்ஜ் ஏற்றிய போனை மேசையிலேயே வைத்து, மணிக்கொரு தடவை நாலு படம் எடுத்து யாருக்காவது அனுப்புங்கள் என்று என்னிடமே வேலை ஏவிவிட்டுப் போனார். ஏன் செய்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. செய்தேன். சாயங்காலம் வந்து மிச்ச சார்ஜைப் பார்த்தார்.

"இருட்டுல எடுத்தா மணல் தூவின மாதிரி இருக்கு. சார்ஜ் ஏற ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகுது. இனிமே அப்டேட்டும் வராது. பாட்டு கேட்டா தகர டப்பா மாதிரி கத்துது." நான் விலையைக் குறைக்கத் தயாரானேன். "ஆனா பாத்ததைப் பாத்தபடி சொல்லுது. குடுங்க" என்றார்.

அப்போதுதான் என்ன வேலை என்று கேட்டேன். வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரி வார்டில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு, இப்போது ஓர் ஏஜென்சியில் சேர்ந்திருக்கிறார். கட்டைப் பிரித்ததும் புண்ணைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்ப வேண்டும், அவர் அதைப் பார்த்து மருந்தை மாற்றுவார். வாயில் காரம் அதிகம். புருஷன் என்ன செய்கிறார் என்று என் பக்கத்துக் கடைக்காரர் விசாரித்தபோது, "எங்கேயாவது பாத்தா நீங்களே கேட்டு எனக்கும் சொல்லுங்க" என்று பதில் வந்தது. அவர் அதற்கப்புறம் யாருடைய புருஷனைப் பற்றியும் விசாரிப்பதில்லை.

அந்த மாதக் கடைசியில் என் அண்ணன் காலில் புண் வந்தது. அண்ணன் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். சர்க்கரை முற்றிப்போய்ப் பாதத்தில் உணர்ச்சியே கிடையாது. புதுச் செருப்பு சுண்டுவிரலோரத்தில் கடித்திருக்கிறது, நாலு நாள் கழித்து அண்ணி பார்த்துத்தான் அவருக்கே தெரிந்தது. ஏஜென்சிக்குப் போன் போட்டு, போன் வாங்க மூன்று நாள் எடுத்துக்கொண்ட அந்த அக்காவையே அனுப்புங்கள் என்று கேட்டேன். ஒரு பொருளையே அப்படிப் பார்க்கிறவர் காலை எப்படிப் பார்ப்பார் என்ற கணக்குதான்.

கணக்கு தப்பவில்லை. அக்கா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அண்ணன் காலுக்கடியில் அதே மாதிரி வெள்ளைத் துணியை விரிப்பார். பக்கத்தில் சென்டிமீட்டர் போட்ட காகிதப் பட்டையை ஒட்டுவார். புண்ணைச் சுற்றித் தோல் நிறம் மாறியிருக்கும் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு இழுப்பார். மறுநாள் கறுப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் ஆபத்து, உள்ளே நின்றால் நிம்மதி. "வெள்ளைத் தோலுன்னா சிவப்பாக் காட்டும். நம்ம தோல் அவ்வளவு சுலபமாச் சொல்லாது. கத்தரிக்காய்த் தோல் மாதிரி ஒரு மினுமினுப்பு வரும், அதைப் பிடிக்கணும்" என்று அண்ணியிடம் சொல்வார். மூன்று வாரத்தில் கோடு உள்ளே உள்ளே வந்தது. அண்ணன் அவரிடம் மட்டும் திட்டு வாங்கிக்கொண்டு சிரிப்பார்.

இந்த இடத்தில் என் பங்கைச் சொல்ல வேண்டும். ஏஜென்சி மேனேஜர் என் கடைக்கு வந்தார். எல்லா நர்ஸுக்கும் ஒரே மாதிரி போன் வேண்டும், படங்கள் பளிச்சென்று இருக்க வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்றார். பன்னிரண்டு போன் விற்றேன். அக்கா அன்றைக்கு ஒதுக்கித் தள்ளிய அதே மாடல். தோலை வெளுத்து வழவழப்பாக்கும் செட்டிங் அதில் தானாகவே போட்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. வாங்க வந்தவரிடம் பொருளின் குறையைச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா என்று அன்றைக்கு நினைத்தேன்.

அக்கா புதுப் போனைப் பெட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். மேனேஜர் பழைய போன் படம் செல்லாது என்றார். பேனாக் கோடும் வேண்டாம், படத்தில் அசிங்கமாகத் தெரிகிறது என்றார். "கோடு அசிங்கமா? அப்ப புண்ணு அழகா இருக்கா?" என்று அக்கா கேட்டாராம். மறுநாளே அவரை ஊரின் அந்தக் கோடிக்கு மாற்றிவிட்டு, அண்ணன் வீட்டுக்குச் சின்ன சிஸ்டர் ஒருத்தியை அனுப்பினார்கள். நல்ல பெண், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. படங்கள் பிரமாதமாக வந்தன. டாக்டர் தினமும் 'நல்ல முன்னேற்றம்' என்று அனுப்பினார். அண்ணி அதை எனக்கும் அனுப்பி வைப்பார். என் கடையில் விற்ற போன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

ஆறாம் நாள் சாயங்காலம் அக்கா வேலை முடிந்து போகிற வழியில் அண்ணன் வீட்டை எட்டிப்பார்த்தார். நானும் அங்கேதான் இருந்தேன். சின்ன சிஸ்டர் கட்டைப் பிரித்திருந்தாள். அக்கா குனிந்தவர் நிமிரவில்லை. புறங்கையைப் பாதத்தின்மேல் வைத்துப் பார்த்தார். தான் கடைசியாக இழுத்த கோடு மங்கலாகத் தெரிந்தது. அதைத் தாண்டி இரண்டு விரல் தூரத்துக்கு அந்த மினுமினுப்பு ஏறியிருந்தது.

"சூடு அடிக்குதே. நீ பாக்கலையா?"

சின்ன சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "நேத்தே சந்தேகமா இருந்துச்சுக்கா. டாக்டர் நல்லாயிருக்குன்னு அனுப்பினாரு. நம்ம கண்ணுதான் தப்போன்னு விட்டுட்டேன்."

அக்கா தன் பழைய போனிலும் சின்ன சிஸ்டரின் புதுப் போனிலும் ஒரு படம் எடுத்து இரண்டையும் என் கையில் திணித்தார். பழையதில் காலின் பாதி கத்தரிக்காய் நிறம். புதியதில் யாரோ பவுடர் பூசிய மாதிரி ஒரு சாந்தமான கால். செட்டிங்கைத் திறந்து அண்ணியின் முன்னாலேயே காட்டினேன். எனக்குத் தெரியும், தெரிந்தேதான் விற்றேன் என்றும் சொன்னேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வைக்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

அக்கா மேனேஜருக்குப் போன் போட்டார். புதுப் போனில் எடுத்து முறையாக அனுப்புங்கள், டாக்டர் நாளைக்குள் பார்த்துவிடுவார், நேராகப் போய் அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது, அது விதி என்றார் மேனேஜர். "போனா வேலை போகும்னு சொல்றீங்களா?" என்று அக்கா கேட்டார். ஆமாம் என்று பதில் வந்தது. அக்கா போனை வைத்துவிட்டு என்னிடம், "ஆட்டோ கூப்பிடுங்க" என்றார்.

கிளினிக்கில் கூட்டம். டோக்கன் கொடுப்பவரை அக்கா எப்படித் தாண்டினார் என்று நான் பார்க்கவில்லை. அண்ணனைத் தோளில் சாய்த்துக்கொண்டு நான் உள்ளே போனபோது டாக்டர் தன் போனைக் காட்டிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு வரைக்கும் படத்துல நல்லாத்தானே இருக்கு சிஸ்டர்?"

"படத்தைப் பாக்காதீங்க டாக்டர். காலைப் பாருங்க."

டாக்டர் பார்த்தார். கையால் தொட்டார். தன் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அன்று ராத்திரியே சுண்டுவிரலை எடுத்தார்கள். இரண்டு நாள் தாமதித்திருந்தால் பேச்சு கணுக்காலைப் பற்றி இருந்திருக்கும் என்று மறுநாள் டாக்டர் என்னிடம் சொன்னார். நான் மூன்று நாள் கடையை மூடிவிட்டு, பன்னிரண்டு போனையும் தேடிப்போய் அந்தச் செட்டிங்கை எடுத்துவிட்டேன். அது பெரிய பிராயச்சித்தம் ஒன்றும் கிடையாது. அண்ணனுக்கு விரல் திரும்பி வரப்போவதில்லை.

அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகு அக்காதான் கட்டுப் போட வந்தார். ஏஜென்சி அவரை வேலையைவிட்டு நிறுத்தியிருந்தது, அவராக வந்தார். மேனேஜர் போனில், மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் பழையபடி சேர்த்துக்கொள்வோம், விஷயத்தை இத்தோடு முடித்துவிடலாம் என்றார். அக்கா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டே கத்தரிக்கோலைத் துடைத்தார். "மன்னிப்பு கேக்க வேண்டிய இடம் இந்தக் கால் சார். அதால உங்க ஆபீசுக்கு வர முடியாது. நீங்க வாங்க."

வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். அக்கா கையெழுத்துப் போட வேண்டிய மன்னிப்புக் கடிதத்தைத் தானே டைப் அடித்து எடுத்துக்கொண்டு வந்தார். வாசலில் தயங்கியவரை அண்ணன்தான் உள்ளே கூப்பிட்டார். அக்கா தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. "உக்காருங்க. இதை முடிச்சுட்டுப் படிக்கறேன்" என்று சொல்லிக் கட்டைப் பிரித்தார். மேனேஜர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இங்க பாருங்க சார். நீங்க பாத்தாத்தான் நான் பேனாவைத் தொடுவேன்."

மேனேஜர் திரும்பினார். சுண்டுவிரல் இருந்த இடத்தையும் தையலையும் பார்த்தார். ஆறு நாள் அந்தக் காலின் படங்களைப் பார்த்து 'அருமை' என்று பாராட்டியவர் அவர். அண்ணன்தான் முதலில் பேசினார். "பரவாயில்ல சார். பிரேக் மிதிக்கற கால்தான். நான்தான் ரிட்டயர் ஆயிட்டேனே."

மேனேஜர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைக்கப் போனார். அக்கா விடவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டி வாங்கினார். முழுசாகப் படித்தார். 'விதியை மீறி நோயாளியை நேரடியாக டாக்டரிடம் அழைத்துச் சென்றது என் தவறு, இனி அவ்வாறு செய்யமாட்டேன்' என்று இருந்தது. 'சென்றது' என்பதிலிருந்து கடைசிவரை ஒரே கோடாக அடித்தார். அந்த இடத்தில் 'சென்றேன், இனியும் செல்வேன்' என்று எழுதி, கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டு, மேனேஜர் கையில் கொடுத்தார்.