சித்தியின் டிவியில் ஊதாக் கறை

எங்கள் சிவகாசியில் அணு என்றால் என்னவென்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும் பச்சைச் சணல் சுற்றிய அணுகுண்டு வெடியைக் காட்டும். எட்டாம் வகுப்பில் அறிவியல் சார், "அணுவுக்குள்ள என்ன இருக்கும்?" என்று கேட்டபோது நானும் எழுந்து, "மருந்து சார், மேல திரி" என்றேன். வெளியூர்க்காரரான அவர் மட்டும்தான் விழுந்து விழுந்து சிரித்தார். மற்றவர்களுக்கு அதில் தப்பே தெரியவில்லை.

பிறகு எலக்ட்ரானைக் கண்டுபிடித்த கதையைச் சொன்னார். காற்றை உறிஞ்சிய கண்ணாடிக் குழாயில் ஒரு கதிர். காந்தத்தைக் காட்டினால் வளையும். எந்த உலோகத்திலிருந்து வரவழைத்தாலும் ஒரே மாதிரிதான் வளையும். அதை அளந்துதான் அணுவைவிடச் சிறியது ஒன்று உண்டென்று கண்டார்களாம். டிவிக்குப் பின்னால் புடைத்திருக்கும் பெரிய வயிறும் அப்படியொரு குழாய்தான் என்றார். சூலக்கரையில் நடக்கும் மாவட்ட அறிவியல் கண்காட்சியில் அதைச் செய்துகாட்டி, சிரித்தவர் முன்னால் பரிசு வாங்கியே தீருவது என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

வீட்டில் இருந்த ஒரே டிவி சித்தி சீதனமாகக் கொண்டுவந்தது. அவள் உத்தரவில்லாமல் அதன்மேல் தூசிகூட உட்காராது. நான் கெஞ்சிக் கூத்தாடிய பிறகு, "டிவி போற எடத்துக்கு நானும் வருவேன்" என்று லோடு ஆட்டோவில் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி கூடவே வந்தாள்.

பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைத் திரையருகே கொண்டுபோனேன். செய்தி வாசித்தவரின் முகம் இழுபட்டுப் பச்சையும் ஊதாவுமாக ஆனது. கூட்டம் கூடிவிட்டது. நடுவர், "கதிர் வளைஞ்சா, அது எல்லா அணுவுக்குள்ளயும் இருக்குன்னு எப்படிம்மா சொல்றது?" என்றார். சார் சிரித்த அந்தப் பழைய பதில்தான் எனக்குக் கைகொடுத்தது.

"எந்தக் கம்பெனி அணுகுண்டைப் பிரிச்சாலும் உள்ள அதே மருந்துதான் சார். எந்த உலோகத்துல இருந்து வந்தாலும் கதிர் ஒரே மாதிரி வளையுதுன்னா, எல்லா அணுவுக்குள்ளயும் அந்தச் சின்னது இருக்கத்தான செய்யும்?"

முதலில் கைதட்டியவர் எங்கள் சார்தான். முதல் பரிசும் எனக்குத்தான். அன்று ஊர் திரும்பும்வரை என் கால் தரையில் படவே இல்லை.

வீட்டில் டிவியைப் போட்டால், காந்தம் காட்டிய மூலையில் ஊதாக் கறை அப்படியே தங்கியிருந்தது. சித்தியின் தொடர் நாயகி அன்றிலிருந்து ஊதாக் கன்னத்தோடுதான் அழுதாள். மெக்கானிக் வந்து, "அஞ்சே நிமிசத்துல எடுத்துரலாம்க்கா" என்றார்.

"அது கெடக்கட்டும். நீங்க காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள் சித்தி.

எனக்குத் தண்டனையாகத்தான் அதை அப்படியே வைத்திருக்கிறாள் என்று கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த மூலைக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு, அவர்கள் "அது என்ன கறை?" என்று கேட்கும்வரை அவள் ஏன் ஆசையாகக் காத்திருந்தாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.