மஞ்சள் முகம் கீழே

உங்கள் கை நடுங்குகிறதா, அல்லது நடுங்குகிறது என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருக்கிறீர்களா?

அளவில் இம்மியும் பிசகாததால் தெரு முழுக்க 'மில்லிமீட்டர்' என்று கூப்பிடும் அந்தப் பெண் காலையில் தபால் கொடுப்பாள். மாலையில் வீட்டுப் பின்னறையில் மரம் அறுப்பாள். பாலர் பள்ளிக்கு ஒரு புத்தக அலமாரி. வெளியாள் நம்பிக் கொடுத்த முதல் வேலை. எல்லாம் முடிந்து கதவு மட்டும்தான் பாக்கி. மஞ்சள் மைக்கா ஒட்டிய பலகையை அறுத்தால் விளிம்பு எலி கடித்த ரொட்டி மாதிரி பிசிறு பிசிறாக வருகிறது. இரண்டு பலகை பாழ். இருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் கெட்டால் வேலை அவள் அண்ணன் கடைக்குப் போய்விடும்.

அண்ணன் தச்சர். "நல்ல பக்கம் எப்பவும் மேல இருக்கணும்" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். பிசிறைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார்.

"பொம்பள கை நடுங்கும், மிஷின் அடங்காதும்மா. பேசாம எங்கிட்ட விடு. பேரு உன்னோடதாவே இருக்கட்டும்."

"பேரு எதுக்குண்ணே? ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. இந்தாங்க, வீணாப்போன பலகைல நீங்களே அறுத்துக் காட்டுங்க."

அண்ணன் அவளுடைய கை மின்ரம்பத்தை வாங்கி, மஞ்சள் பக்கம் மேலே இருக்க ஓட்டினார். மைக்காச் சில்லுகள் சிதறின. விளிம்பு அவளுடையதைவிட மோசம். பலகையின் மறுமுனையைப் பிடித்திருந்த அவள் கணவர் குனிந்து பார்த்தார்.

"மச்சான், இது ஆம்பளப் பிசிறா, பொம்பளப் பிசிறா?"

"மிஷின் சரியில்ல, மாப்ள!"

பெண் அறுத்தால் கை கோணல், ஆண் அறுத்தால் மிஷின் கோணல். எவ்வளவு அழகான நியாயம்!

அவள் துண்டைத் திருப்பி அடிப்பக்க விளிம்பில் விரலை ஓட்டினாள். சோப்புக்கட்டி மாதிரி வழவழப்பு. மின்ரம்பத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதிலிருந்த அம்புக்குறி காட்டிய திசையில் பிளேடை மெல்லச் சுழற்றிப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணே, உங்க கடைல பிளேடு எங்க இருக்கு?"

"மேஜைக்கு அடியிலேருந்து நீட்டிக்கிட்டிருக்கும்."

"அங்க பல்லு மேலேருந்து கீழ வெட்டும். கைல புடிக்கிற இதுல கீழேருந்து மேல வருது. பல்லு வெளிய வர்ற பக்கம்தான் பிசிறடிக்குது. நல்ல பக்கம் மேலன்னு நீங்க சொன்னது சரிதான். உங்க மிஷினுக்கு!"

கடைசிப் பலகையை மஞ்சள் முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்தாள். அடியில் ஒரு பழைய பலகையை அணைகொடுத்து வைத்தாள். நெருக்கமான பல் வைத்த பிளேடை மாட்டினாள். கோட்டின் மேல் டேப் ஒட்டி, அவசரப்படாமல் ஓட்டினாள். கணவர் மறுமுனையை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

திருப்பினார்கள். கோடு போட்டது போல மஞ்சள் விளிம்பு. அண்ணன் கட்டைவிரலால் இருமுறை தடவிக் குற்றம் தேடினார். கிடைக்கவில்லை.

"சரி சரி, கதவ மாட்டு. கீல் புடிக்க ஆள் வேணும்ல?" என்று தானே திருப்புளியை எடுத்தார்.

"புடிங்க. கை நடுங்காம!" என்றாள் தங்கை.

'உனக்குக் கை வராது' என்று ஒதுக்கிவைக்கப்பட்ட ஒருத்தி உங்கள் வீட்டிலும் இருப்பாள். இன்றைக்கே ரம்பத்தை அவளிடம் கொடுங்கள். பலகையின் மறுமுனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.