எட்டு மணி வகுப்பும் இரண்டு கெளுத்திகளும்

ஓராண்டு இருந்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் டிலிஸ் ஹெங்யாங் நகரத்துக்கு வந்தாள். வேல்ஸில் ஒரு சிற்றூர்க்காரி. தொழிற்சாலைகள் நிறைந்த இந்த ஊரின் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட அப்போது அவளுக்கு வராது. இப்போது ஏழாவது ஆண்டு நடக்கிறது. வயது நாற்பத்தொன்பது. பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுக்கிறாள்.

சம்பளம் வகுப்புக்கு என்றாலும் அவளுடைய வேலை அதோடு முடிவதில்லை. மரம் நடும் விழாவில் மண்வெட்டி பிடிக்க ஒரு வெளிநாட்டுக்காரர் வேண்டும். புதிய உணவுக்கூடம் திறக்கும்போது முதல் கரண்டி சோற்றை வாயில் வைக்க ஒரு வெளிநாட்டுக்காரர் வேண்டும். இவற்றுக்கெல்லாம் அரை மணி நேரம் முன்னால் அழைப்பு வரும். அழைப்பவள் அயல்நாட்டு அலுவலகத்தின் குவாங் லிப்பிங். டிலிஸின் விசா, தண்ணீர்க் குழாய், பல்வலி எல்லாமே அவள் பொறுப்பு.

"டிலிஸ் டீச்சர், உங்களால பத்து நிமிஷத்துல கீழ வர முடியுமா? கொஞ்சம் பளிச்சுன்னு ஏதாவது போட்டுக்கிட்டு வாங்க. டிராகன் படகுல உக்காரணும்."

"எனக்கு நீச்சல் தெரியாதே, லிப்பிங்."

"யாரு நீந்தச் சொன்னா? சும்மா உக்காருங்க. போட்டோ எடுத்ததும் இறக்கி விட்டுருவாங்க."

இதையெல்லாம் டிலிஸ் முதல் ஆண்டு வியந்தாள், இரண்டாம் ஆண்டு எரிச்சலோடு செய்தாள், மூன்றாம் ஆண்டிலிருந்து அதற்கென்றே ஒரு சிவப்புச் சட்டையைக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தாள்.

ஊருக்கே திரும்பி வந்துவிடு என்று அக்கா மாதம் ஒருமுறை எழுதுவாள். டிலிஸ் பதில் எழுதுவாள். ஆனால் அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் பதில் எழுதமாட்டாள். அங்கே அவளுக்கு வீடும் இல்லை, அவள் வந்தாளா போனாளா என்று கவனிக்க ஆளும் இல்லை. இங்கே ஒரு நாள் காலையில் அரிசி நூடுல்ஸ் கடைக்குப் போகாவிட்டால், மறுநாள் கடைக்காரி கரண்டியை ஆட்டிக்கொண்டு, "நேத்து எங்க போய்த் தின்ன?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். தன்னைத் திட்டுவதற்கு நாலு பேர் இருக்கும் ஊரை விட்டுப் போக டிலிஸுக்கு மனமில்லை.

ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். இதுவரை அதில் சிக்கல் வந்ததில்லை. இந்த ஆண்டு புதிய துறைத் தலைவர் வந்திருந்தார். கூடவே ஒரு விதியும் வந்திருந்தது. கற்பித்தல் விபத்துக்கு ஆளான வெளிநாட்டு ஆசிரியருக்கு ஒப்பந்தம் இல்லை. வகுப்புக்கு ஆசிரியர் ஐந்து நிமிடம் தாமதித்தால் அது மூன்றாம் தர விபத்து, பதினைந்து நிமிடம் தாமதித்தால் இரண்டாம் தர விபத்து. போன ஆண்டு டிலிஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மேற்கூரைக் காரை பெயர்ந்து மேசைமேல் விழுந்தது. அது விபத்தில் சேராது. ஏனென்றால் ஆசிரியர் சரியான நேரத்துக்கு வந்திருந்தார்.

"லேட்டா மட்டும் போயிராதீங்க, டீச்சர். வேற என்ன நடந்தாலும் நான் பாத்துக்கிறேன்" என்று குவாங் லிப்பிங் சொல்லியிருந்தாள்.

டிலிஸ் ஏழு ஆண்டுகளில் ஒருநாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. அதனால் கவலையில்லாமல் இருந்தாள்.

அவளுக்கு வினை வந்தது, அவள் இந்த ஊர்க்காரியாகவே மாறிப்போனதால். துறையின் கைப்பேசிக் குழுவில் நாள்தோறும் அறிவிப்புகள் வந்து விழும். தீயணைப்புப் பயிற்சி, தடுப்பூசி, தண்ணீர் நிறுத்தம், பாராட்டுக் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் கீழே எல்லோரும் "கிடைத்தது" என்று எழுதவேண்டும். எழுதாதவர்களின் பெயரைப் போட்டு, "இன்னும் பார்க்கவில்லையா?" என்று அலுவலகம் கேட்கும். முதல் ஆண்டு டிலிஸ் ஒவ்வொரு அறிவிப்பையும் அகராதியை வைத்துக்கொண்டு படித்துவிட்டுத்தான் "கிடைத்தது" எழுதினாள். அதற்குள் அடுத்த இரண்டு வந்துவிடும். மற்றவர்கள் எப்படி அரை நிமிடத்தில் பதில் எழுதுகிறார்கள் என்று மெல்ல மெல்லத்தான் புரிந்தது. இப்போது அவளும் பத்து நொடியில் எழுதிவிடுவாள். போன மாதம் அறுபத்து மூன்று பேரில் முதல் ஆளாக எழுதியதற்கு அலுவலகம் அவளுக்கு ஒரு கட்டைவிரல் படம்கூட அனுப்பியது.

மே மாத விடுமுறை மொத்தம் ஐந்து நாள். ஆனால் அரசாங்கம் ஐந்து நாளையும் சும்மா கொடுத்துவிடாது. விடுமுறையில் விழும் திங்கட்கிழமை வகுப்புகளை முந்தைய ஞாயிற்றுக்கிழமையே நடத்திவிட வேண்டும். அந்த அறிவிப்பும் குழுவில் வந்தது. டிலிஸ் "கிடைத்தது" என்று எழுதினாள்.

அந்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவள் மீன் சந்தையில் நின்றுகொண்டிருந்தாள். உடம்பில் வாத்துப் படம் போட்ட ஊதாப் பைஜாமா. சந்தைக்குப் பாதிப்பேர் அப்படித்தான் வருவார்கள். கடைக்காரி தொட்டியிலிருந்து இரண்டு கெளுத்திகளை உயிரோடு பிடித்து, தண்ணீர் நிறைந்த பையில் போட்டுக் கொடுத்தாள். அப்போது கைப்பேசி அடித்தது. வகுப்புத் தலைவி ஓவ்யாங் ஷு.

"டீச்சர், எங்க இருக்கீங்க?"

"சந்தையில. ஏன்?"

மறுமுனையில் அவளுக்குப் பின்னால் முப்பது பேர் தொண்டை கிழியக் கத்தும் சத்தம்.

"இன்னிக்கு வகுப்பு, டீச்சர். திங்கட்கிழமை வகுப்பு இன்னிக்குத்தான்."

டிலிஸ் கெளுத்திகளைப் பார்த்தாள். கெளுத்திகள் அவளைப் பார்த்தன.

"அதோட லியாவ் ஐயா வேற மைதானத்தைத் தாண்டி வந்துட்டிருக்கார். கையில தெர்மாஸ், நோட்டு, உக்கார்ற குட்டி மெத்தை எல்லாம் இருக்கு. நம்ம வகுப்புக்குத்தான்."

லியாவ் ஓய்வுபெற்ற பேராசிரியர். வகுப்புகளைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து மேற்பார்வையிடும் கிழவர்களில் மிகவும் கறாரானவர். போன மாதம் மூன்று நிமிடம் தாமதமாக வந்த கணித ஆசிரியரை எழுத்தில் மன்னிப்புக் கேட்க வைத்தவர்.

"மணி அடிச்சதும் நாங்களே ஆரம்பிச்சுட்டோம். மைதானத்துல வரும்போதே அவர் காதுல விழணும்னு எல்லாரையும் கத்தச் சொல்லியிருக்கேன். நீங்க எப்படியாச்சும் வந்துருங்க, டீச்சர். ரொம்ப நேரம் தாங்காது. ஓட்டல்ல ரூம் கேக்குற பாடம் ஒண்ணுதான் எல்லாருக்கும் மனப்பாடம்."

டிலிஸ் பேய் பிடித்தவள்போல் நின்றதைப் பார்த்த மீன்காரி, விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கணவனைப் பார்த்துக் கத்தினாள். "யோவ், வண்டியை எடு! வாத்தியாரம்மாவுக்கு வேலை போகப்போகுது!"

மீன்வண்டியில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து டிலிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். வாயில்காவலர் வண்டியை மறித்தார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஓ, இன்னிக்கும் போட்டோவா?" என்று வழிவிட்டார்.

மூன்றாவது மாடிக்கு அவள் ஏறி முடித்தபோது மணி எட்டு இருபத்தொன்று. வகுப்புக்குள்ளிருந்து ஒரு பெரிய சண்டை கேட்டது. ஓட்டல் பாடம் நாலு முறை ஓடி முடிந்திருந்தது. விமான நிலையமும் உணவகமும்கூட முடிந்துவிட்டன. இனி சொல்வதற்கு ஒன்றுமில்லை என்ற நிலையில் ஒரு பையனும் பெண்ணும் தேர்வுக்காக உருப்போட்ட ஆங்கிலச் சொற்பட்டியலை, ஏ எழுத்திலிருந்து வரிசை மாறாமல், ஆளுக்கொரு சொல்லாக ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொண்டிருந்தார்கள்.

"கைவிடு!" என்றான் பையன், தழுதழுத்த குரலில்.

"திறமை!" என்று மேசையைக் குத்தினாள் பெண்.

"அசாதாரணம்!"

"ஒழித்துவிடு!" என்று சொல்லி அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசி வரிசையில் லியாவ் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அனுதாபம் பையன் பக்கம் என்று தெரிந்தது.

டிலிஸ் உள்ளே நுழைந்தாள். வாத்துப் பைஜாமா, கலைந்த தலை, கையில் சொட்டிக்கொண்டிருக்கும் பை. வகுப்பு உறைந்துபோனது. லியாவின் பேனா அந்தரத்தில் நின்றது.

ஓவ்யாங் ஷு எழுந்தாள். "அதோ, மீன்காரம்மா வந்தாச்சு!" என்று ஆங்கிலத்தில் கூவினாள். "மீன் என்ன விலைம்மா?"

டிலிஸுக்கு மூச்சு வாங்கியது. பையை மேசைமேல் வைத்தாள். இடுப்பில் கைவைத்தாள். "ஒண்ணு நூறு யுவான்" என்றாள்.

வகுப்பே கொதித்தெழுந்தது. நூறா? இந்த மீனுக்கா? இது எங்கள் தாத்தாவை விட மூத்த மீன். மீசையைப் பாருங்கள். ஏழு ஆண்டுகளாகப் பாடநூலில் இல்லாத ஒரு வாக்கியத்தை மாணவர்கள் வாயிலிருந்து வரவழைக்க அவள் படாத பாடில்லை. இன்று அப்படிப்பட்ட வாக்கியங்கள் மழைபோல் கொட்டின. அந்த ஆண்டு முழுதும் வாயைத் திறக்காத ஒரு பெண் எழுந்து, "இந்த மீன் என்னைச் சோகமாகப் பார்க்கிறது. விலையைக் குறையுங்கள்" என்றாள். டிலிஸ் நடிக்க மறந்து கைதட்டிவிட்டாள்.

கை பட்டுப் பை சரிந்தது. ஒரு கெளுத்தி துள்ளி விழுந்து, தரையில் வழுக்கிக்கொண்டு கடைசி வரிசைக்கே போய்ச் சேர்ந்தது. பெண்கள் நாற்காலிமேல் ஏறினார்கள். லியாவ் குனிந்து, முள் குத்தாத இடமாகப் பார்த்து இரண்டு விரலால் அதைப் பிடித்துத் தூக்கி, மேசைக்குக் கொண்டுவந்து பையில் போட்டார். போட்டுவிட்டுப் போய் மெத்தையில் உட்கார்ந்து எழுதினார்.

இடைவேளை மணி அடித்தது. லியாவ் மதிப்பெண் படிவத்தோடு முன்னால் வந்தார். டிலிஸ் எழுந்து நின்றாள். ஓவ்யாங் ஷு பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"டீச்சரம்மா" என்றார் லியாவ். "எனக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தெரியாது. முப்பத்தஞ்சு வருஷம் பாய்லர் பாடம் எடுத்தவன். ஆனா எந்த பாய்லர் கொதிக்குது, எது சும்மா சத்தம் போடுதுன்னு எனக்குத் தெரியும். முதல்ல போட்டது வெறும் சத்தம். நீங்க வந்தப்புறம்தான் கொதிச்சுது."

பொய் சொல்லலாமா என்று டிலிஸ் ஒரு கணம் யோசித்தாள். அத்தனை மாணவர்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் எட்டு இருபத்தொண்ணுக்குத்தான் வந்தேன், ஐயா" என்றாள்.

ஓவ்யாங் ஷு கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் அதைக் கேட்டேனா?" என்றார் லியாவ். படிவத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். "வகுப்பு தொடங்கிய நேரம்னு போட்டிருக்கு. வகுப்பு எட்டு மணிக்குத் தொடங்குச்சு. மைதானத்துல வரும்போதே என் காதுல விழுந்துது. ஊருக்கே விழுந்திருக்கும். டீச்சர் வந்த நேரத்துக்கு இதுல கட்டமே இல்ல. அச்சடிச்சவன் விட்டுட்டான்."

"கட்டம் இல்லைன்னா விட்டுறலாமா, ஐயா?" என்று டிலிஸ் கேட்டாள். ஓவ்யாங் ஷு அவள் பைஜாமாவைப் பிடித்து இழுத்தாள்.

"அந்தக் கட்டத்தைப் போட்டா, மேற்பார்வைக்கு வந்தவர் எத்தனை மணிக்கு வந்தார்னும் ஒரு கட்டம் போடணும். மணி அடிக்கிறதுக்கு முன்னாலயே வந்து உக்காரணும்கிறது எனக்கு விதி. நூடுல்ஸ் கடையில இன்னொரு கிண்ணம் சாப்பிட்டுட்டு எட்டு ஏழுக்கு வந்தவன் நான். இந்தப் பொண்ணு ஜன்னல்ல நின்னு பாத்துட்டா."

"நான் எதையும் பாக்கல, தாத்தா" என்றாள் ஓவ்யாங் ஷு, கூரையைப் பார்த்தபடி.

லியாவ் மேலும் எழுதினார். "உயிருள்ள பொருளை வைத்துப் பாடம், இருபதுக்கு இருபது. மாணவர் ஆர்வம், முழு மார்க். உடை..." மூக்குக்கண்ணாடிக்கு மேலாக வாத்துகளைப் பார்த்தார். "நாடக உடைன்னு எழுதுறேன். ஆனா கரும்பலகையில ஒரு எழுத்துகூட இல்ல. அதுக்கு எட்டு போச்சு. அதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மேற்பார்வை மார்க் தொண்ணூறு இருந்தால் போதும். டிலிஸ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். லியாவ் தெர்மாஸை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பி, "கெளுத்தியை மிளகாயும் இஞ்சியும் போட்டுச் சமைங்க. தக்காளி போட்டுக் கெடுத்துராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விடுமுறை முடிந்த மூன்றாவது வாரம் குவாங் லிப்பிங் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு டிலிஸின் வீட்டுக்கே வந்தாள். மூன்று பிரதிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு முத்திரை.

"துறைத் தலைவர் ரொம்ப சந்தோஷப்பட்டார், டீச்சர். லியாவ் ஐயா ஒரு வகுப்பைப் புகழ்ந்து எழுதி யாரும் பாத்ததில்லையாம்."

டிலிஸ் முதல் பிரதியில் கையெழுத்திட்டாள். இரண்டாவதிலும் இட்டாள். மூன்றாவதை இழுத்துக்கொண்டபோது குவாங் லிப்பிங் தொண்டையைச் செருமினாள்.

"அந்த வகுப்பையே அடுத்த மாசம் இருபதாம் தேதி பெரிய அரங்கத்துல நடத்திக் காட்டச் சொல்றார். எல்லாத் துறையிலிருந்தும் பாக்க வராங்க. மீன் உயிரோட இருக்கணுமாம்."

"சரி."

"கீழ விழுந்து துள்ளணுமாம். லியாவ் ஐயா அதையும் எழுதிட்டார்."

"சரி, லிப்பிங்."

"அந்த வாத்துப் பைஜாமாவும் வேணுமாம்."

டிலிஸின் பேனா நின்றது. "அரங்கத்துல எத்தனை பேர்?"

"நானூறு. மாகாணத்திலிருந்து ரெண்டு பேர் வரலாம். கண்டிப்பா வருவாங்கன்னு சொல்ல முடியாது."

டிலிஸ் கடைசிப் பிரதியைப் பார்த்தாள். இன்னும் ஓராண்டு என்று அதில் அச்சாகியிருந்தது. கையெழுத்திட்டுவிட்டுப் பைஜாமாவை ஊறவைக்கப் போனாள். மீன் வாடை அதிலிருந்து இன்னும் முழுசாகப் போகவில்லை.