மரியதாஸ் எழுதிய மாற்றக் குறிப்புகள்

மரியதாஸ் இறந்த செய்தி நம் தமிழாக்கக் குழுவின் மின்னஞ்சலில், இரண்டு மென்பொருள் பிழை அறிக்கைகளுக்கு நடுவே வந்தது. சிவக்குமார் அனுப்பியிருந்தார். காலையில் நெஞ்சுவலி, மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது, மாலையில் அடக்கம். அடுத்திருந்த பிழை அறிக்கையையும் படித்துவிட்டுத்தான் அந்த மின்னஞ்சலுக்குத் திரும்பினேன். அன்று மாலை முத்தியால்பேட்டைக் கல்லறையில் நம்மில் பலர் இருந்தோம். வர முடியாதவர்களுக்காகவும், குறிப்புகளின் கீழே ஒரு பெயராக மட்டும் அவரை அறிந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பிரெஞ்சு ஆவணங்களை மொழிபெயர்ப்பது அவர் தொழில். பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, ஓய்வூதியத் தாள்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், மிஷன் வீதியில் நாம் கூடும் கம்ப்யூட்டர் கடை மாடிக்கு நேராக வந்துவிடுவார். காசில்லாமல் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற கணினி இயங்குதளத்தைத் தமிழில் கொண்டுவருவது நம் வேலை. பாதி நேரம் ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் சரியா என்ற சண்டையில் போகும். அந்தச் சண்டைகளில் அவர் சேர மாட்டார். ஒவ்வொரு புதிய வெளியீட்டுக்கும் 'பயனர் காணும் மாற்றங்கள்' என்ற பகுதியை எழுதித் தருவார், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக வரும் குறிப்புகளில் பெரும்பகுதியை அவர் ஒதுக்கிவிடுவது எனக்கு முதலில் விளங்கவில்லை. கேட்டதற்கு, "பஸ்ஸுல எஞ்சின் மாத்துனத பயணிக்கு சொல்ல வேணாம்மா. ஏறுற வாசல் மாறினா சொல்லணும்" என்றார். அவர் எழுதியது இப்படித்தான் இருக்கும்: 'குப்பைத்தொட்டி இப்போது திரையின் நடுவில் இல்லை, கீழ்ப்பட்டையின் வலது ஓரத்தில் இருக்கிறது. அதில் கிடந்த கோப்புகள் அப்படியே உள்ளன.' இரண்டாவது வாக்கியத்தை நம்மில் வேறு யாரும் எழுதியிருக்க மாட்டோம்.

எழுதுவதற்கு முன், பழைய பதிப்பைப் பயன்படுத்தும் யாராவது ஒருவரின் கணினியில் புதியதை நிறுவிவிட்டு, அவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காருவார். எதுவும் சொல்லித் தர மாட்டார். எந்த இடத்தில் கை தயங்குகிறதோ அது குறிப்பில் ஏறும். என்னை ஒருமுறை கூட்டிக்கொண்டு போனார். நெல்லித்தோப்பில் தட்டச்சுக் கடை வைத்திருக்கும் கலைவாணி அக்காவிடம். காசு கொடுத்து வாங்கும் இயங்குதளம் கட்டுப்படியாகாமல் நம்முடையதற்கு வந்தவர். கடைக்கு இருந்தது ஒரே கணினி. மறுநாள் கல்லூரியில் கொடுக்க வேண்டிய ஒரு மாணவனின் புராஜெக்ட் மேசையில் கிடந்தது.

அக்கா திரையைப் பார்க்காமலே ஒரு வரி அடித்தார். நிமிர்ந்து பார்த்தார், திரையில் வேறேதோ எழுத்துகள். அழித்துவிட்டு மறுபடி அடித்தார்.

"இன்னா சார் பண்ணீங்க? என் கையே எனக்குத் தெரியல."

புதிய வெளியீட்டில், தட்டச்சு இயந்திர முறையிலான விசைப்பலகையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஆங்கில ஒலிப்படி அடிக்கும் முறையை முதன்மையாக வைத்திருந்தார்கள், இயங்குதளத்தை உருவாக்குகிறவர்கள். கேட்டு வாங்கியதே நாம்தான். நம் குழுவில் எல்லோரும் அடிப்பது அப்படித்தான். குழுவின் சார்பில் அந்தக் கோரிக்கையை எழுதியவர் மரியதாஸ். பழைய முறை மூன்று திரைகளுக்கு உள்ளே பத்திரமாக இருந்தது. அவருக்கே அதைத் தேடி எடுக்க நேரமாயிற்று. அதற்குள் அந்த மாணவன் வந்து தாள்களை வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டான். அக்கா சத்தம் போடவில்லை. இவர் பின்னால் வந்து உட்காராத கடைகளில் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டார்.

அந்த வெளியீட்டின் குறுந்தகடுகள் அடுத்த ஞாயிறு பல ஊர்களுக்குப் போக இருந்தன. மரியதாஸ் தன் பகுதியைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தார். முதல் பத்தி, பழைய விசைப்பலகையைத் திரும்பப் பெறும் வழி. அதன் கீழே: 'இந்த மாற்றத்தைக் கேட்டவர்கள் நாங்கள். எங்களில் யாரும் தட்டச்சுப் பயின்றவர் இல்லை. குறை சொல்ல அழையுங்கள்.' பிறகு அவர் பெயர், வீட்டுத் தொலைபேசி எண்.

சிவக்குமாருக்குக் கோபம். விசைப்பலகை எங்கும் போய்விடவில்லை, உள்ளேதானே இருக்கிறது, இது பாவமன்னிப்புக் கேட்கும் இடமா என்றார். மரியதாஸ் குரலை உயர்த்தவில்லை. "அவங்க பொழப்புல கை வெச்சிருக்கோம், சிவா. யாரத் திட்டறதுன்னாவது தெரியணும் இல்ல?"

அந்தப் பத்தி இல்லாமல் தர மாட்டேன் என்று, நகலெடுக்க வேண்டிய மூலக் குறுந்தகடு இருந்த பையை மடியிலேயே வைத்துக்கொண்டார். கடைசியில் அப்படியே போயிற்று.

அழைப்புகள் வந்தன. அவர் வீட்டுக்கு ஏதோ வாங்கப் போயிருந்தபோது ஒன்றை நானே கேட்டேன். அவர் மனைவி ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "உங்களத் திட்டறதுக்கு விழுப்புரத்துலேர்ந்து ஒருத்தர் லைன்ல இருக்காரு, சாப்ட்டுட்டு வரீங்களா?" என்றார். அவர் எழுந்து போனார். எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது. யாரைக் கேட்டு மாற்றினாய் என்று அது திரும்பத் திரும்பக் கத்தியது.

"யாரையும் கேக்கலீங்க. அதான் தப்பு. இப்ப கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காந்துருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு திரையாகச் சொல்லிக்கொண்டே போனார். சோறு ஆறிவிட்டது.

இந்த மாதம் அடுத்த வெளியீடு. அவருடைய பகுதி என்னிடம் வந்திருக்கிறது. ஆங்கில வரைவை அப்படியே பெயர்த்தால் வரிக்கு வரி 'மேம்படுத்தப்பட்டுள்ளது' என்று வருகிறது. மரியதாஸின் குறிப்புகள் எதிலும் அந்தச் சொல்லைப் பார்த்த நினைவில்லை. ஒவ்வொன்றையும் 'மாறியிருக்கிறது' என்று ஆக்கிக்கொண்டிருக்கிறேன். மேம்பட்டதா என்பதைப் பயன்படுத்துகிறவர்கள் சொல்லட்டும். வீட்டாரும் அலுவலகமும் தவிர வேறு யாருக்கும் என் எண்ணை நான் கொடுப்பதில்லை. குறிப்பின் கடைசி வரியில் அதை எழுதியிருக்கிறேன்.